அடுக்கி வைத்த ஐந்து கற்கள்

அன்று காலை நூர்ஜஹான் எல்லோருக்கும் டீ கொடுத்தார். எல்லோருக்கும் என்றால், அவருடைய வீட்டை இடித்து அகற்றச் சொல்லி வழக்குப் போட்டிருந்த தனபாலுக்கும் சேர்த்துத்தான்.

தனபால் தட்டைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "டீதானே அண்ணே, எடுத்துக்குங்க" என்றார் நூர்ஜஹான். எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தார். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. எனக்கு வழக்கு எண் மறந்துவிட்டது, அந்த வாசனை மறக்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் மனைப்பிரிவு அது. இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க நீதிமன்றம் ஒரு கமிஷனரை அனுப்பியிருந்தது. அவரும் வக்கீல்தான், என்னைவிட இருபது வயது சின்னவர். பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். நான் நூர்ஜஹானின் வக்கீல் என்பதால் உரிமையோடு போர்ட்டிகோ நிழலில் நின்றுகொண்டேன்.

சர்வேயர் ஏரிக்கரையில் இருந்த பழைய சர்வே கல்லிலிருந்து அளந்துகொண்டு வந்தார். வீட்டுச் சுற்றுச்சுவரைத் தொட்டதும் நின்றார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் மறுபடியும் முதலிலிருந்து அளந்தார். இரண்டாவது தடவையும் அதே இடத்தில்தான் வந்து நின்றார்.

"சார், வூடு இருபத்தஞ்சாம் மனையில இல்ல. இருபத்தொண்ணுல நிக்குது."

நூர்ஜஹான் கையில் இருந்த போனில் அவருடைய கணவர் சலீம் வீடியோ காலில் இருந்தார். கத்தாரில் வேலை நடக்கும் இடத்திலிருந்து, தலையில் ஹெல்மெட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் போனை மெதுவாக இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்கதானே எல்லாம் பாத்துட்டு சரியா இருக்குனு சொன்னீங்க?"

இந்தத் தொடரில் நான் ஜெயித்த வழக்குகளையே எழுதித் தள்ளுகிறேன் என்று என் குமாஸ்தாவுக்கு மனக்குறை. இந்த வாரம் அது தீர்ந்துவிடும்.

உட்கார்ந்த இடத்தில் பார்த்த மனை

பத்து வருஷம் இருக்கும். கோட்டகுப்பத்தில் வாழ்க்கைப்பட்ட நூர்ஜஹான், அம்மா வீடு திண்டிவனத்தில் இருப்பதால் இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கலாம் என்று என்னிடம் வந்தார். பத்திர நகல்களை வரிசையாக ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே பென்சிலால் பெயர் எழுதியிருந்தார். என் அலுவலகத்தில்கூட அப்படி ஒரு ஃபைல் கிடையாது.

தாய்ப்பத்திரம் பார்த்தேன். வில்லங்கச் சான்று பார்த்தேன். பட்டா, மனைப்பிரிவு வரைபடம், அங்கீகாரக் கடிதம், எல்லாம் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. இருபத்தைந்தாம் மனை, தாராளமாக வாங்கலாம் என்று எழுதி, சீல் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"சார், ஒரு தடவ நேர்ல வந்து எடத்தப் பாத்துட்டீங்கன்னா மனசுக்குத் தெம்பா இருக்கும்" என்றார்.

"பத்திரத்தைப் பார்த்தாலே இடத்தைப் பார்த்த மாதிரிதான்மா" என்றேன்.

சொன்னது நான்தான். அன்று எனக்கு வேலை ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தலை சாய்த்துத் தூங்கினேன்.

எந்தப் பத்திரத்திலும் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் என்று ஒன்று வரும். அதில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள், கிழக்கே இன்னது, மேற்கே இன்னது என்று. நிலத் தகராறுகளில் அளவும் எண்ணும் ஒன்றுக்கொன்று இடித்தால், பெரும்பாலும் நீதிமன்றம் நம்புவது இந்த நான்கெல்லையைத்தான். அடி அளவை எழுதும்போது கை தவறலாம், பக்கத்தில் இருக்கும் ஏரியைத் தவறாக எழுதுவது கஷ்டம்.

நூர்ஜஹான் பத்திரத்தில் என்ன இருந்தது? வடக்கே இருபத்து நாலாம் மனை, தெற்கே பொதுப் பாதை. அவருக்குப் புரோக்கர் காட்டிய மனையில் என்ன இருந்தது? வடக்கே முப்பதடி லே-அவுட் சாலை, தெற்கே பக்கத்து மனை. அப்படியே தலைகீழ். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்று, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அதற்குச் சட்டம்கூடப் படித்திருக்க வேண்டாம்.

நூர்ஜஹான் என்ன செய்தார் என்றால், மனையில் நட்டிருந்த கல்லைப் பார்த்தார். கல்லில் சிவப்பு பெயின்டில் இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. பத்திரத்திலும் இருபத்தைந்து. வக்கீலும் சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே கடைக்கால் எடுத்தார்.

அந்த வீட்டின் ஒவ்வொரு டைல்ஸும் வீடியோ காலில் தேர்ந்தெடுத்தது. சமையலறை ஜன்னலை எங்கே வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு மாதம் சண்டை போட்டார்களாம். சலீம் அந்த வீட்டில் மொத்தமாகத் தங்கிய நாட்களை எண்ணினால் ஒரு வருஷம்கூட வராது.

கொத்தனாரோடு வந்தவர்

தனபாலைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எதிர்க்கட்சிக்காரரை அப்படி நினைத்தால்தான் எங்களுக்கு வேலை ஓடும்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். ஒரே பெண். நூர்ஜஹானுக்கு முன்பே, மனைப்பிரிவு போட்ட புதிதிலேயே வந்து, சாலையை ஒட்டிய இருபத்தொன்றாம் மனையை நேரில் பார்த்து வாங்கியவர். பெண்ணின் கல்யாணத்தில் சபையறிய அந்த மனையை எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியும் விட்டார்.

வாங்கிப் போட்ட மனை எங்கே ஓடிவிடப் போகிறது? நடவு, அறுப்பு, மாட்டுக்கு வைத்தியம் என்று வருஷங்கள் போயின. மகளும் மருமகனும் வீடு கட்டலாம் என்றபோதுதான் கொத்தனாரை அழைத்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் மனையில் ஏற்கெனவே வீடு இருக்கிறது. ஜன்னலில் திரை ஆடுகிறது. வாசலில் ஒரு சைக்கிள். கொடியில் துணி காய்கிறது.

"கொத்தனாரு என்னப் பாத்து சிரிச்சான் சார்" என்று பின்னால் ஒருநாள் என்னிடமே சொன்னார். "அந்த சிரிப்புதான் சார் என்னக் கோர்ட்டுக்கு இட்டாந்துச்சி."

யாரோ வேண்டுமென்றே வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்தார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

நடுவில் ஒரு பழைய சந்து

இந்த இடத்தில் எனக்கு வேறொரு வழக்கு ஞாபகம் வருகிறது. நான் கறுப்புக் கோட்டு போட்ட புதிதில் பார்த்தது. திண்டிவனத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஓரடிச் சந்து. ஒரு ஆள் நேராக நடக்க முடியாது, பக்கவாட்டில்தான் நகர வேண்டும். அது யாருடையது என்று இரண்டு குடும்பமும் முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து மேலே மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். கல்யாணத்துக்கு அழைப்பதில்லை, சாவுக்குப் போவதில்லை.

கடைசியில் தீர்ப்பு வருவதற்கு முன்னால் இரண்டு வீட்டையுமே ஒரு ஜவுளிக்கடைக்காரர் வாங்கி, இடித்து, ஒரே கட்டடமாகக் கட்டிவிட்டார். இப்போது அந்தச் சந்து இருந்த இடத்தில் கேஷ் கவுண்டர் இருக்கிறது. நான் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் பக்கவாட்டில் நகர்ந்து பார்ப்பதுண்டு. என் மனைவிக்கு இது பிடிக்காது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சொத்து வழக்கில் சட்டம் கடைசியில் யாருக்கு உரிமை என்று சொல்லிவிடும். அது சொல்வதற்குள் நடுவில் போகிற வாழ்க்கையை யாரும் திருப்பித் தர முடியாது. நூர்ஜஹானுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் பாதி, என்மேலேயே இருந்த கோபம்.

பையோடு வந்த ஏழுமலை

சர்வேயர் அளந்த மூன்றாம் நாள், என் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் மல்லாட்டைப் பை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பெயர் ஏழுமலை. அந்த மனைப்பிரிவே ஒரு காலத்தில் அவருடைய மல்லாட்டைக் கொல்லைதான். அதை விற்றபோது தனக்கென்று ஒரு மனையை, இருபத்து மூன்றாம் எண்ணை, பிடித்து வைத்துக்கொண்டவர். அளந்த அன்றைக்கும் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அந்தப் பாயம்மா வூட்ட இடிச்சிடுவாங்களா?"

"தெரியலை. ஏன் கேக்கறீங்க?"

"அந்தக் கல்ல நட்டது நான்தான் சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

எங்கள் பக்கத்தில் மனை போட்டு விற்றாலும் உடனே யாரும் வீடு கட்டுவதில்லை. சும்மா கிடக்கும் மனைகளில் பழைய நிலக்காரர்களே மல்லாட்டை போட்டுக்கொள்வார்கள். மனை வாங்கியவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள், முள் முளைக்காமல் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். தனபால் மனை வாங்கிய வருஷம், ஆடியில் நல்ல மழை. ஏழுமலைக்குக் கை சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு வரிசையில் ஐந்து மனை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு எண் கல் இருந்தது.

"ஏர் ஓட்ட எடஞ்சலா இருக்குதேன்னு அஞ்சு கல்லையும் புடுங்கினேன் சார். ரோட்டாண்டருந்து ஆரம்பிச்சி ஒண்ணொண்ணா புடுங்கி, ஓரமா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சேன். மல்லாட்டை புடுங்கினப்புறம் திரும்ப நட்டுட்டேன். எனக்கு எழுத்தும் தெரியாது, நம்பரும் தெரியாது. மேல இருந்த கல்ல எடுத்து, ரோட்டாண்ட இருந்து வரிசையா நட்டுக்கினே போனேன்."

நான் மேஜையில் இருந்த ஐந்து சட்டப் புத்தகங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். முதலில் பிடுங்கிய இருபத்தொன்று அடியில் போனது. கடைசியில் பிடுங்கிய இருபத்தைந்து மேலே வந்தது. மேலிருந்து எடுத்துச் சாலைப் பக்கத்திலிருந்து நட்டால், இருபத்தைந்து வந்து இருபத்தொன்றின் இடத்தில் நிற்கும். நடுவில் இருந்த இருபத்து மூன்று மட்டும் தன் இடத்திலேயே இருக்கும். அவருடைய மனை. அதனால்தான் இத்தனை வருஷமும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "உங்களை யாருய்யா கல்லைப் பிடுங்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான் சார். ஆனா தூக்கிப் போடல சார். மத்தவங்கள்லாம் கல்ல ஏரியில வீசிட்டு ஓட்டுவாங்க. அடுத்தவங்க சொத்தாச்சேன்னு நான் பத்திரமா எடுத்து வெச்சி, திரும்ப நட்டேன்."

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. அவர் எண் தெரியாமல் செய்தார். எண்ணும் எழுத்தும் தெரிந்த நான் எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை. எங்கள் இரண்டு பேரில் யாரைப் பார்த்துக் கத்துவது நியாயம்?

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இருவரும் சேர்ந்து அந்த மல்லாட்டையைத்தான் உரித்துத் தின்றோம்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா

நூர்ஜஹான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். "என் வூடு நிக்குமா சார்?"

உண்மையைச் சொன்னேன். ஒரு இடத்தைத் தன்னுடையது என்று மனதார நம்பி வீடு கட்டியவரைச் சட்டம் ஒரேயடியாகத் தெருவில் விடாது. கட்டடத்தின் மதிப்பைக் கொடு, அல்லது மனையைச் சந்தை விலைக்கு அவருக்கே விற்றுவிடு என்று நிலத்துக்காரரிடம் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை தன் பத்திரத்தில் இருக்கும் மனையில் கட்டியவருக்குத்தான், இவர் பத்திரமோ வேறு மனைக்கு என்று எதிர்த்தரப்பு சொல்லும். நான் ஒன்று சொல்வேன், அவர்கள் ஒன்று சொல்வார்கள். தனபால் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருந்தால், கட்டும்போது எங்கே போனாய் என்று கேட்கலாம். அவர் பார்க்கவே இல்லை. எப்படி முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எப்போது முடியும் என்று சொல்லவே முடியாது.

"பன்னண்டு வருஷம் இருந்தா நமக்கே ஆயிடும்னு பக்கத்து வூட்ல சொல்றாங்க."

"ஒன்பதுதான் ஆகுது. அப்படி ஆனாலும் அது வேற கதை."

"வேணாம் சார். அடுத்தவங்க எடத்த அமுக்கினதா பேரு வேணாம். எனக்கு என் வூடு வேணும், அவ்ளோதான்."

சுலபமான வழி ஒன்று எல்லோருக்கும் தோன்றும். இரண்டு மனையும் ஒரே அளவு, இரண்டுக்கும் கிழக்கு பார்த்த வாசல். மாற்றிக்கொண்டால் ஆயிற்று. நூர்ஜஹான் இருபத்தொன்றை எடுத்துக்கொள்ளட்டும், தனபாலுக்கு இருபத்தைந்தைக் கொடுத்துவிடலாம். நானும் அதைத்தான் எதிர்க்கட்சி வக்கீலிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே தனபால் நீதிமன்ற வளாகத்தில் என்னை மடக்கினார்.

"இருபத்தஞ்சுக்குத் தெக்கால பொதுப் பாதைன்னு எழுதிக்கிறாங்களே, அது எங்க போவுது, தெரியுமா சார் உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. நான்தான் போய்ப் பார்க்கிற ஆள் இல்லையே.

"சுடுகாட்டுக்குப் போவுது. கல்யாணத்துல ஊரறிய குடுத்த மனை சார். என் பொண்ணு காலைல எழுந்து கோலம் போட வாசலுக்கு வந்தா, பாடை போவணுமா? சம்பந்தி வூட்ல என்னா பேசுவாங்க?"

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

விழுப்புரம் பஸ்

நீதிபதி வழக்கை விழுப்புரத்தில் இருக்கும் சமரச மையத்துக்கு அனுப்பினார். அங்கே தீர்ப்பு கிடையாது. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைப்பார்கள், ஒத்துவந்தால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒத்துவராவிட்டால் மறுபடியும் கோர்ட்டுதான்.

நானும் நூர்ஜஹானும் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். கூட்டேரிப்பட்டில் ஏழுமலை ஏறினார். அவரை யாரும் அழைக்கவில்லை, சம்மன் அனுப்பவில்லை. வெளுத்த வேட்டி கட்டி, தோளில் புதுத் துண்டு போட்டிருந்தார். விக்கிரவாண்டியில் தனபால் ஏறினார். காலியாக இருந்தது ஒரே ஒரு சீட், ஏழுமலைக்குப் பக்கத்தில். மனைத் தகராறின் மொத்தக் கூட்டமும் ஒரே பஸ்ஸில்.

எனக்கு முன் சீட்டில்தான் அவர்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டோல்கேட்டில் நிற்கும் லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ஏழுமலை, "இந்த வாட்டி மல்லாட்டை எப்படி உங்க பக்கம்?" என்றார்.

"பூச்சி விழுந்து பேஜாரா பூடுச்சி" என்றார் தனபால்.

"இங்கயும் அப்டிதான்."

அப்புறம் விழுப்புரம் வரைக்கும் பூச்சியைத்தான் பேசினார்கள்.

சமரச மையத்தில் ஒரு வட்ட மேஜை. மத்தியஸ்தராக இருந்தவர் ஒரு பெண் வழக்கறிஞர், நிதானமானவர். இரண்டு தரப்பும் பேசியாயிற்று. மனை மாற்றம் முடியாது என்று தனபால் சொல்லிவிட்டார். பெண்ணின் பேச்சு வந்ததும் குரல் உயர்ந்தது. நூர்ஜஹான் அழவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மத்தியஸ்தர் ஃபைலை மூடப் போனார்.

கதவோரம் நின்றிருந்த ஏழுமலை, "அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

"நீங்க யாருங்க?"

"கல்ல மாத்தி நட்டவன்மா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் சொன்னதை அப்படியே அவர்களிடமும் சொன்னார். தனபாலின் முகம் மாறியது. பஸ்ஸில் பூச்சி மருந்து பேசிக்கொண்டு வந்த ஆள்தான் தன் வழக்குக்கே காரணம் என்பதை அவர் அப்போதுதான் கேட்கிறார்.

"என் மனை இருபத்தி மூணு, நடுவுல கெடக்குது" என்றார் ஏழுமலை. "அத இவரு பொண்ணுக்கு எடுத்துக்கட்டும். பாயம்மா வூடு நிக்கிற எடம் பாயம்மாவுக்கே இருக்கட்டும். அந்த சுடுகாட்டுப் பாத மனைய எனக்குக் குடுத்துடுங்க."

தனபால்தான் முதலில் பேசினார். "உமக்கு மட்டும் அந்தப் பாத எதுக்குய்யா?"

"எனக்கு அது இன்னா புதுசா? எங்க அப்பன், எங்க ஆயா, எம் பொண்டாட்டி, எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் போனாங்க. நானும் போவப்போறவன்தானே. கிட்டத்துலயே இருந்தா தூக்கறவனுக்கு வேல கம்மி."

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. நூர்ஜஹான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

தனபால் எழுந்தார். "பொண்ண ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்ததும் ஏழுமலையைப் பார்த்து, "உக்காருய்யா மொதல்ல, எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருப்ப" என்றார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

இரண்டு பத்திரம், ஒரே நாள்

இதில் என் வேலை பாக்கி இருந்தது. ஏழுமலையின் மனை வழக்கில் இல்லாத சொத்து. அதனால் சமரசத் தீர்ப்பில் எழுதினால் மட்டும் போதாது, பதிவும் செய்ய வேண்டும். இரண்டு பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினேன். முதலில் ஏழுமலையும் நூர்ஜஹானும் இருபத்து மூன்றையும் இருபத்தைந்தையும் மாற்றிக்கொண்டார்கள். அடுத்து நூர்ஜஹானும் தனபாலும் இருபத்து மூன்றையும் இருபத்தொன்றையும் மாற்றிக்கொண்டார்கள். வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும். அடுக்கும் வரிசை மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஏழுமலையின் மகன் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர், கடைசி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "ஊர்ல இல்லாத நியாயம் பேசறாரு." அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனாலும் போட்டுவிட்டார். சார்பதிவாளர் ஏழுமலையைப் பார்த்து, மனமொத்துத்தான் செய்கிறீர்களா என்று கேட்டார். "கல்ல நட்டப்ப ஒருத்தரும் கேக்கல, இப்பயாச்சும் கேட்டீங்களே" என்றார் அவர்.

எண்ணைப் படித்த வக்கீல்

பதிவு முடிந்த வாரமே கற்களைத் திருத்தி நட்டோம். சர்வேயரும் வந்திருந்தார். இந்தத் தடவை நான் உட்கார்ந்த இடத்தில் இருக்கவில்லை. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு, கையில் பத்திரங்களோடு கரம்பில் நின்றேன். வாசலில் இருபத்தைந்து என்ற கல்லோடு ஒன்பது வருஷமாக இருந்த நூர்ஜஹான், அதைத் தானே கழுவித் துடைத்து எடுத்து வந்தார். பெயின்ட் மங்கியிருந்தது.

கடப்பாரையை ஏழுமலை யாரிடமும் கொடுக்கவில்லை. குழி தோண்டிவிட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் என் முகத்தைப் பார்த்தார்.

"நம்பரப் படிங்க சார். நல்லா பாத்துப் படிங்க."

நான் கல்லைப் படித்தேன். பத்திரத்தைப் படித்தேன். நான்கெல்லையை உரக்கச் சொல்லி, வடக்கு எது தெற்கு எது என்று கையை நீட்டிக் காட்டினேன். சூரியனையும் பார்த்துக்கொண்டேன். தனபால் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று ஐந்தும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. நூர்ஜஹான் மறுபடியும் டீ கொண்டுவந்தார். தனபால் இந்தத் தடவை வீட்டைப் பார்த்தபடி நின்று குடித்தார்.

"ஜன்னல இன்னும் கொஞ்சம் கெழக்கால தள்ளி வெச்சிருக்கலாம்" என்றார்.

"அவரும் இததான் சொன்னாரு அண்ணே" என்று நூர்ஜஹான் சிரித்தார்.

போன மாதம் மயிலம் போகும் வழியில் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். இப்போதெல்லாம் அப்படித்தான், எந்தப் பத்திரம் வந்தாலும் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. இருபத்து மூன்றில் தனபாலின் மகள் வீட்டுக்கு ஜன்னல் மட்டம் வரை சுவர் எழும்பியிருந்தது. நூர்ஜஹான் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு நீளப் பைப் போட்டு அந்தச் சுவருக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

கடைசி மனையில், சுடுகாட்டுப் பாதை ஓரத்தில், ஏழுமலை மல்லாட்டை போட்டிருந்தார். செடி நன்றாகப் பிடித்துப் பூ வைத்திருந்தது. நடுவில் இருபத்தைந்தாம் எண் கல், புதுப் பெயின்டோடு நின்றது. அதைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு முழம் மண்ணை ஏர் தொடவே இல்லை.